ஒரே மாதிரி மூன்று ஜீன்ஸ்

நமது சங்க மலரில் பொங்கல் விழா பற்றியும், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது பற்றியும் நல்ல கட்டுரைகள் வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு கிழவன் ஜீன்ஸ் பேண்ட் பற்றி எழுதுகிறானே என்று அன்பர்கள் சிரிக்கக்கூடும். முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள். பதினெட்டு வயதுப் பேரன் ஒருவன் நான்கு மாதம் வெளியே சொல்ல வெட்கப்பட்டு அவதிப்பட்டதால்தான் இதை எழுத நேர்ந்தது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, திருச்சி, மண்டபம் பக்கமெல்லாம் தண்டவாளத்தோடு காலம் தள்ளி, 2018-ல் ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் இங்கே இருப்பதால் நானும் என் மனைவியும் இங்கே வந்து சேர்ந்தோம். ரயிலே இல்லாத ஊரில் ஒரு ரயில்வேக்காரன்! 2024-ல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டில் இன்னமும் போர்ட் பிளேர்தான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பேரன் நடக்கும் நடையே ஒரு மாதிரியாக இருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்ல தாத்தா, கால் சுளுக்கு" என்பான். கடைசியில் அவன் அம்மா துணி துவைக்கும்போது பேண்ட் பையில் ஒரு களிம்பு டியூப் கிடைத்தது. தொடை இடுக்கில் படர்தாமரை. நண்பன் சொன்னான் என்று மருந்துக் கடையில் ஏதோ களிம்பு வாங்கித் தடவியிருக்கிறான். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு இன்னும் அகலமாகப் படரும். தோல் மருத்துவர் அந்தக் களிம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு மருந்து எழுதிக்கொடுத்தார். பிறகு பையன் போட்டிருந்த ஜீன்ஸைப் பார்த்து, "இதையும் கொஞ்ச நாள் நிறுத்துப்பா. தளர்வான பருத்தித் துணி போடு. ஈரத்தோடு எதையும் போடாதே" என்றார்.

படர்தாமரை ஒரு பூஞ்சை. ஜீன்ஸ் போட்டதால் அது பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய வெப்பம், ஈரம், உராய்வு மூன்றும் அந்த இறுக்கமான பேண்டுக்குள் இருந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியா முழுவதும் இந்த நோய் சுலபத்தில் ஆறாத ஒன்றாக மாறி வருகிறது என்று தோல் மருத்துவர்கள் எச்சரித்து வருகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நமது தீவுகளில், தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நனைக்கும் இடத்தில், சொல்லவே வேண்டாம். ஜூலை மாதம் துவைத்த ஜீன்ஸ் எங்கள் வீட்டு வராந்தாவில் காய இரண்டு நாள் ஆகும். துணி காய்ந்தாலும், நான்கு மடிப்புத் துணி கூடும் கவட்டுத் தையல் மூன்றாம் நாளும் ஜில்லென்று இருக்கும். பையன் அதைத்தான் காலையில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

நோய் ஆறி, அவன் கல்லூரிக்குச் சென்னை புறப்பட வேண்டிய நேரம் வந்தது. "புது ஜீன்ஸ் இல்லாம எப்படி தாத்தா காலேஜுக்குப் போறது?" என்றான். நியாயமான கேள்விதான். வேட்டி கட்டிக்கொண்டு போ என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் இந்தத் தடவை நானும் கூட வருவேன் என்றேன். சட்டைப் பையில் இஞ்ச் டேப்போடு போனேன். அபர்தீன் பஜாரில் ஒரு கடையில் பையன் கேட்டபடி மூன்று ஜீன்ஸை எடுத்து மேசைமேல் போட்டார்கள். மூன்றும் லீவைஸ். 511, 512, 513. மூன்றும் கருநீலம், மூன்றிலும் இடுப்பு 32 என்று அட்டை. ஒன்று ஸ்லிம், ஒன்று ஸ்லிம் டேப்பர், ஒன்று ஸ்லிம் ஸ்ட்ரெய்ட். தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒரே பேண்ட்தான். பையனுக்கு மட்டும் அவை மூன்றும் மூன்று சாதி.

எனக்கு எங்கள் ஸ்டோர் ஞாபகம் வந்தது. பழைய முக்கால் அங்குல போல்ட்டும் புதிய 20 மில்லிமீட்டர் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீட்டர். மறையின் இடைவெளி ஒன்றில் 2.54, மற்றதில் 2.5. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 20 மில்லிமீட்டர் நட்டை முக்கால் அங்குல போல்ட்டில் போட்டால் சமர்த்தாக ஏறும், கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும், அவ்வளவுதான். சுமை வரும்போதுதான் மறை வழுக்கும். ஒரே மாதிரி இருக்கும் பொருள்களைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்று அப்போதே கற்றுக்கொண்டேன்.

கடைப் பையன் முகம் சுளித்தாலும் மூன்றையும் விரித்து அளந்தேன். நம் டெய்லர்கள் சொல்வார்களே, தொடை லூஸ், முட்டி லூஸ், பாட்டம் என்று, அந்த மூன்று இடங்கள்தான் விஷயம். 511-க்கும் 512-க்கும் தொடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. முட்டிக்குக் கீழே 512 குறுகிக்கொண்டே போகிறது. 513 முட்டியிலிருந்து நேராக இறங்குகிறது; பாட்டம் மற்ற இரண்டையும்விட அகலம். ஆக, ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து இளைஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேறுபாடு முக்கால்வாசி முட்டிக்குக் கீழே இருக்கிறது. உடம்புக்குத் தொந்தரவு தருவதோ முட்டிக்கு மேலே! இதை மற்ற நிறுவனங்களின் பேண்ட்களிலும் பார்த்துவிட்டேன். பெயர்தான் வேறு, சங்கதி அதே.

இன்னொன்றும் கண்டேன். 32 என்று அட்டை போட்ட பேண்டின் இடுப்பை அளந்தால் 32 இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. வாங்குபவர் தன் இடுப்பு சிறியது என்று சந்தோஷப்படட்டும் என்று தாராளமாக வெட்டுகிறார்கள் போலும். தவிர, ஆயத்த ஆடைத் தொழிலில் இடுப்புக்கு அரை அங்குலம் கூடக் குறைய இருந்தால் ஏற்றுக்கொள்வது வழக்கம். பாட்டத்துக்கும் கால் அங்குலம் போலச் சலுகை உண்டு. இரண்டு ரகங்களுக்கு இடையே உள்ள வேறுபாடே முக்கால் அங்குலம், ஓர் அங்குலம்தான் என்னும்போது, ஒரே ரகத்தில் இரண்டு பேண்ட்கள் இரண்டு விதமாக இருக்கலாம். நிறம் மாறினாலும் அளவு மாறும். வெளிர் நீலமாக்க அதிகம் சலவை செய்த துணி ஒரு விதமாகச் சுருங்கியிருக்கும், கறுப்புச் சாயம் போட்டது வேறு விதமாக இருக்கும். "போன தடவை வாங்கின அதே நம்பர்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

இந்த அனுபவம் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. மாப்பிள்ளை ஒரு முறை அதே நம்பர் பேண்டை இணையத்தில் தருவித்தார். பொட்டலம் வந்து சேரவே பதினெட்டு நாள். வந்தது தொடையில் ஏறவில்லை. திருப்பி அனுப்பிப் பணம் திரும்பி வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. "மாமா, கப்பல்ல போய் மெட்ராஸ்லயே வாங்கிட்டு வந்திருக்கலாம்" என்று அலுத்துக்கொண்டார். சென்னைக்கு இங்கிருந்து கடலில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள். அங்கே இருப்பவர்கள் சாயங்காலம் போய் மாற்றிக்கொண்டு வருவார்கள். நமக்கு ஒரு தவறான தேர்வு என்பது ஒரு மாதம்.

இனி ஸ்ட்ரெச் பற்றி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இது எங்கள் தொழிலோடு சேர்ந்தது. ஜீன்ஸ் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் உள்பக்கம் வெளுப்பாக இருக்கிறது. பழைய நாளில் முழுக்க முழுக்கப் பருத்தி. இப்போது ஊடை நூலுக்குள் எலாஸ்டேன் என்ற ரப்பர் போன்ற இழையை வைத்து, மேலே பருத்தியைச் சுற்றி நூற்கிறார்கள். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958-ல் கண்டுபிடித்த இழை அது. லைக்ரா என்பது அதன் வியாபாரப் பெயர். தன் நீளத்தைப் போல ஐந்து மடங்கு வரை நீண்டு மறுபடி சுருங்கும். ஊடையில் மட்டும் இருப்பதால் பேண்ட் அகலத்தில்தான் விரியும், நீளத்தில் விரியாது. உள்ளே தைத்திருக்கும் துண்டுத் துணியைப் பாருங்கள்: 99-க்கு 1, 98-க்கு 2 என்று போட்டிருக்கும். சிலவற்றில் பருத்தி 75-க்கு இறங்கி, மீதியில் பெரும் பகுதி பாலியெஸ்டராக இருக்கும். ஒரே நம்பர் ரகத்திலேயே துணிக்குத் துணி இந்தக் கணக்கு மாறுகிறது. விற்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

முன்பெல்லாம் மரக் கட்டையில் ஆணி அடித்துத் தண்டவாளத்தைப் பிடித்து வைத்தோம். வண்டி ஓட ஓட அதிர்வில் ஆணி மெல்ல மேலே எழும்பிவிடும். பிறகு கான்கிரீட் சிலீப்பர் வந்தது, கூடவே வளைந்த எஃகு கிளிப் வந்தது. அது அதிர்வுக்கு இடம் கொடுத்து, மறுபடி தன் பழைய பிடிக்குத் திரும்பும். அருமையான சாமான். ஆனால் மண்டபம் பக்கம் கடற்காற்றில் அந்த கிளிப்புகள் துருப்பிடித்துப் பிடி தளர்ந்து போவதையும் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு கிளிப் அங்கேயே இருக்கும், பிடிமானம் மட்டும் போயிருக்கும். ஸ்ட்ரெச் ஜீன்ஸும் அப்படித்தான். விரிவது பெரிய காரியமில்லை, திரும்பி வர வேண்டும். அந்த இழைக்கு வெந்நீர் ஆகாது, குளோரின் பிளீச் ஆகாது, சூடான இஸ்திரி ஆகாது. அதற்குள் இழை தளர்ந்தால் முட்டியில் பை விழும், உட்கார்ந்து எழுந்தால் பின்னால் தொங்கும்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. தொடைப் பகுதித் துணியில் விரல்களால் நான்கு அங்குலம் பிடித்து, அகலவாட்டில் ஐந்து அங்குலம் வருமளவு இழுத்து, பத்து எண்ணி விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்கு வந்தால் நல்ல துணி. ஓரம் அலை அலையாக நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு போட்டுப் பார்த்து, நிற்பதோடு விடாமல், சாப்பாட்டுக்குச் சம்மணம் போடுவது போல் உட்காரச் சொல்லுங்கள். என் பேரன் டிரையல் ரூமுக்குள் சம்மணம் போட மாட்டேன் என்று அடம் பிடித்தான். கடைசியில் முட்டி போட்டுக் காட்டினான்.

இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். விரியும் துணிதானே என்று ஓர் அளவு குறைத்து வாங்குகிறார்கள். 34 இடுப்புக்காரன் 32-க்குள் நுழைகிறான். நுழையத்தான் முடியும். அதற்கப்புறம் அந்த இழை நாள் முழுவதும் இழுபட்ட நிலையிலேயே நிற்கிறது. தோலை விட்டு அகலாமல் ஒட்டிக்கொள்கிறது. காற்று போக வழியில்லை. டில்லிக் குளிரில் அது சுகமாக இருக்கலாம். இங்கே வியர்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

1995-ல் அரவிந்த் மில்காரர்கள் ரஃப் அண்ட் டஃப் என்று ஒரு சாமான் விட்டார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 195 ரூபாய்க்கு ஒரு பொட்டலம். அதில் ஜீன்ஸ் துணி, ஜிப், பட்டன், ரிவெட், பின்னால் ஒட்டும் லேபிள் வரை எல்லாம் இருக்கும். தைப்பது மட்டும் நம் ஊர் டெய்லர். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. அதற்கு முன் ஜீன்ஸ் என்றால் மெட்ராஸ் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்குவது, அளவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. திருச்சியில் எங்கள் டெய்லர் அந்தப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு என் இடுப்பு, தொடை, முட்டி எல்லாம் அளந்து தைத்துக் கொடுத்தார். ரிவெட்டைச் சுத்தியால் அடித்தபோது எங்கள் பாலத்து வேலையே ஞாபகம் வந்தது. பையின் மூலையில் செப்பு ரிவெட் அடிக்கும் யோசனையே ஒரு டெய்லருடையதுதான். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊர் ஜேக்கப் டேவிஸ். அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873-ல் காப்புரிமை வாங்கினார்கள். உழைப்பாளிகள் போடும் பேண்ட் கிழியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த என் ஜீன்ஸ் எட்டு வருஷம் உழைத்தது. அதில் ஸ்ட்ரெச் கிடையாது, ஆனால் உட்காரும் இடத்தில் இடம் இருந்தது, ஏனென்றால் டெய்லர் என்னை உட்கார வைத்தும் ஒரு அளவு எடுத்திருந்தார்.

இன்றைக்கு எல்லோரும் டெய்லரிடம் போங்கள் என்று நான் சொன்னால் வீட்டில் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். ஆயத்த ஆடை விற்பவர்களிடம் ஒன்று கேட்கலாம். இடுப்பு 32, நீளம் 32 என்று இரண்டே எண் போட்டு ஒரு காலுக்கு அளவு சொல்ல முடியாது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இரண்டு அளவு மட்டும் போட்ட டிராயிங்கை வாங்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொடை, முட்டி, பாட்டம் மூன்றையும் சென்டிமீட்டரில் அட்டையில் அச்சடிப்பதில் என்ன செலவு? நிஃப்ட் நிறுவனம் இந்தியா சைஸ் என்ற பெயரில் ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் உடல் அளவெடுத்து நமக்கென்று ஓர் அளவு முறை உண்டாக்கும் திட்டத்தை மேற்கொண்டது. நல்ல முயற்சி. அந்த எண்களோடு இந்த மூன்று அளவுகளும் அட்டையில் ஏறினால், தீவில் இருப்பவன் ஒரு மாதத்தை மிச்சப்படுத்துவான்.

நம் ஊர்க் கடைக்காரர்களில் பலர் இந்தச் சங்கத்தின் அங்கத்தினர்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் சரக்கு எடுக்கும்போது ஸ்கின்னி, சூப்பர் ஸ்ட்ரெச் என்று அடுக்கடுக்காகக் கொண்டு வருகிறீர்கள். நேர்கால் பேண்ட், 99-க்கு 1 துணி கேட்டால் "போகாது சார்" என்கிறீர்கள். அலமாரியில் இருந்தால்தானே போகும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: நமது தீவுகளில் இரண்டு ரகம் ஒரே மாதிரி இருந்து குழப்பம் வந்தால், தொடையில் அதிக இடம் உள்ளதை எடுக்க வேண்டும், ஸ்ட்ரெச் குறைவானதை, பாலியெஸ்டர் இல்லாததை எடுக்க வேண்டும். கனமும் பார்க்க வேண்டும். பழைய ஜீன்ஸ் துணி சதுர கஜத்துக்கு 13, 14 அவுன்ஸ் இருக்கும், அது இங்கே காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். 10 அவுன்ஸ் போதும். நிறத்தையும் நம்பரையும் அதற்கப்புறம் பிள்ளைகள் இஷ்டப்படி பார்த்துக்கொள்ளட்டும்.

பேரன் என்ன வாங்கினான் என்று கேட்பீர்கள். அவன் மனம் 512-ல் இருந்தது. நண்பர்கள் எல்லோரும் கணுக்காலில் ஒட்டிய பேண்ட்தான் போடுகிறார்களாம். நான் 513 என்றேன். கடையிலேயே அரை மணி நேர வாக்குவாதம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. முட்டிக்குக் கீழே இருப்பதைக் குறைக்க எந்த டெய்லராலும் முடியும். தொடையில் இல்லாத துணியைக் கூட்ட எந்த டெய்லராலும் முடியாது. ஆகவே 513-ஐ வாங்கிக்கொண்டு, பஜாரில் ஒரு நம் ஊர் டெய்லரிடம் போனோம். வெளித் தையலைப் பிரித்து, முட்டியிலிருந்து கீழே இரண்டு காலிலும் முக்கால் அங்குலம் குறைத்துக் கொடுத்தார். கூலி 120 ரூபாய். பையன் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தான்.

"தாத்தா, இது 512 மாதிரியே இருக்கு" என்றான்.

கப்பல் ஏறிய மறுவாரம் விடுதியிலிருந்து போன் செய்தான். இன்னொன்று வேண்டுமாம், கறுப்பில். அளவு தெரியுமா என்று கேட்டேன். தொடை, முட்டி, பாட்டம் மூன்றையும் சென்டிமீட்டரில் சொன்னான். இஞ்ச் டேப்பை அவன் பெட்டியில் போட்டு அனுப்பியது அவன் பாட்டி.